விஞ்ஞானத்தில் உரையளவை

விஞ்ஞானமும் ஒரு சமயமே, விஞ்ஞானியின் சொல்லை ஏற்பவனும் ஒரு விசுவாசியே என்னுங் கூற்று விவாத மேடைகளில் அடிக்கடி எழுவது. சந்திரன் பூமியிலிருந்து சராசரி 384,400 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது என்று விடையெழுதும் மாணவன் அதனை அளந்தறிந்தானல்லன், அளந்தாரைக் கண்டானுமல்லன். நூல் கூறிற்று, ஆசிரியர் கூறினார், அவனும் கூறுகின்றான். புராணங் கேட்டுத் தலையசைக்கும் பாட்டியினும் இவன் எவ்வாற்றான் உயர்ந்தவன் என்பது வினா.

இவ்வினாவை இரு திறத்தார் எழுப்புவர். சமயத்தைக் காக்க விழைவோர், தம்மை மூடநம்பிக்கையர் என்று இகழ்ந்தோரும் தம்போல்வாரே எனக் கண்டு மகிழ்வர். எதனையும் ஏற்கா இயல்பினர், மருத்துவன் சொல்லும் மாந்திரிகன் சொல்லும் ஒரு நிறையின என்று கூறி அமைவர். எல்லாம் நம்பிக்கையே எனின், நம்பிக்கை என்னுஞ் சொல் ஒன்றனை மற்றொன்றினின்றும் பிரித்துக் காட்டும் ஆற்றலை இழந்துவிடும் என்பதனை இவ்விரு திறத்தாரும் கருதிற்றிலர். சமயத்தார் பெற்ற வெற்றி தம் கையிலிருந்த நாணயத்தைச் செல்லாக்காசாக்கிப் பெற்ற வெற்றியாம்.

எனினும் இக்கூற்றினை அதன் வலிமை குன்றிய வடிவிற் கண்டு வீழ்த்துதல் ஆராய்ச்சியாகாது. இதனை மிக ஆழமாக நிறுவ முயன்றவர் மைக்கல் பொலான்யி என்பார். 1891 இற் புடாபெஸ்து நகரிற் பிறந்து, யேர்மனியிற் பௌதிக இரசாயனத்திற் பெரும்புகழ் ஈட்டி, 1933 இல் மான்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் இவர். ஆய்வுகூடத்தை அறியாத தத்துவ வாதி என்று இவரை ஒதுக்குதல் இயலாது. விஞ்ஞானத்தை அரசின் திட்டத்துக்குள் அடக்க வேண்டுமென்னும் சோவியத்துக் கொள்கையை எதிர்த்தெழுந்தது இவர்தம் சிந்தனை. விஞ்ஞானம், நம்பிக்கை, சமுதாயம் என்னும் மூன்றனையும் இணைத்து 1946 இல் ஒரு சிறுநூலும், அபடீன் பல்கலைக்கழகத்தில் 1951–52 இல் நிகழ்த்திய சொற்பொழிவுகளை விரித்துத் தன்சார் அறிவு பற்றி 1958 இல் ஒரு பெருநூலும் வெளியிட்டார். விஞ்ஞானி எந்திரம் போல விதிகளைப் பின்பற்றி உண்மைக்கு வருபவனல்லன். ஒரு மரபினுட் புகுந்து, அம்மரபின் மூதறிஞரை நம்பி, அவர்தம் கைத்திறனைக் கண்டு பழகி, அதன் பின்னரே அறியத் தொடங்குகின்றான் என்பது அவர் கொள்கை. நம்பினாலன்றி விளங்காது என்ற கருத்துடைய புனித அகுஸ்தீனாரை அவர் தமக்கு வழிகாட்டியாகக் கொள்கின்றார்.

அவர் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் வலிமை மிக்கது டேற்றன் மில்லரின் வரலாறு. ஒளி செல்லுதற்கு ஊடகமாக ஈதர் என்றொன்று வெளியெங்கும் நிறைந்துள்ளதாயின், பூமி அதனூடு விநாடிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும்போது ஒரு காற்றுப் போல அது எதிர்ப்பட வேண்டும். 1887 இல் மைக்கல்சனும் மோளியும் செய்த புகழ்பெற்ற பரிசோதனையில் எதிர்பார்த்த அக்காற்றுக் காணப்பட்டிலது. ஐன்ஸ்ரைனின் சார்புக் கொள்கைக்கு இயைபுடைய செய்தி இதுவாம். ஆனால் மில்லர், வில்சன் மலையுச்சியிற் பல்லாண்டு பல்லாயிரம் அவதானங்கள் செய்து, விநாடிக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர் அளவினதான ஒரு விளைவு உண்டென்று 1925 இல் அறிவித்தார். அறிவித்தவர் எளியவரல்லர், அவ்வாண்டில் அமெரிக்கப் பௌதிகச் சங்கத்தின் தலைவர். அவர் பிழைத்த இடம் இதுவென அன்று ஒருவராலும் சுட்டிக்காட்ட இயலவில்லை. அங்ஙனமாகவும் பௌதிகவியலார் பெரும்பாலோர் சார்புக் கொள்கையைக் கைவிட்டிலர். மில்லரின் அளவீடுகள் ஒருநாள் எவ்வாறாயினும் பிழையெனத் தெரியவருமென்று கூறித் தத்தம் பணியை மேற்கொண்டனர். சான்று எதிரே நிற்க அதனைப் புறக்கணித்துக் கொள்கையைப் பற்றி நின்றாரை நம்பிக்கையாளர் என்னாது வேறென்னென்பது என வினவுகின்றார் பொலான்யி.

இவ்வினாவுக்கு விடை கூறுமுன் அவர் கூற்றில் மறுக்கவியலாத பகுதியை ஒப்புக்கொள்ளுதல் முறையாகும். இலண்டன் றோயல் சங்கத்தார், எவர் வாக்கையும் கொண்டு ஏலோம் என்னும் பொருள்படும் இலத்தீன் தொடரைத் தமது இலச்சினையிற் பொறித்துள்ளனர். பொறித்தது அழகே, அதன்படி ஒழுகுதல் எவர்க்கும் இயலாது. இன்றைய விஞ்ஞானியின் நிலையை நோக்குக. ஹிக்ஸ் துணிக்கையின் திணிவினைத் துல்லியமாகக் கணித்து 2015 இல் வெளிவந்த கட்டுரைக்கு ஆசிரியர் 5,154 பேர். முப்பத்துமூன்று பக்கங்களில் இருபத்துநான்கு பக்கம் ஆசிரியர் பெயரும் அவர்தம் நிலையங்களின் பெயருமே. அவருள் ஒருவரேனும் கருவி முழுவதையுங் கணிதம் முழுவதையுந் தாமே சோதித்தறிந்தார் எனல் ஆகாது. ஒவ்வொருவரும் ஏனையோரை நம்பிக் கையொப்பமிட்டனர். எனவே, பொதுமக்கள் விஞ்ஞானியை நம்புகின்றனர், விஞ்ஞானியோ இயற்கையை மட்டுமே நம்புகின்றான் என்னும் பாகுபாடு நில்லாது. விஞ்ஞானியும் தன் சிறு வயலுக்கு வெளியே பொதுமகனே. போதிய சான்றின்றி எதனையும் நம்புதல் எவர்க்கும் எஞ்ஞான்றும் தகாதென்று 1877 இல் விதித்த கிளிபோட் என்னுங் கணித மேதை, அவ்விதியைத் தமக்கே ஏற்றிப் பார்த்திருப்பாராயின் தமது பாடநூல்களுட் பலவற்றைத் திறக்கவும் அஞ்சியிருப்பார்.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின் எஞ்சுவது ஒரே வினா. பிறர் வாக்கினால் அறிதல் அனைத்தும் விசுவாசம் என்னும் ஒரு பெயர்க்குரியதோ என்பதே அது. மேனாட்டுத் தத்துவம் நெடுங்காலம் காட்சியையும் அனுமானத்தையுமே அறிவின் வாயிலாகக் கொண்டு, பிறர் வாக்கினைப் புறந்திண்ணையில் இருத்திற்று. ஆகவே விஞ்ஞானத்தில் அதன் இடம் பெரிதென்று கண்டதும் பொலான்யி திடுக்குற்றுத் தேவாலயத்தை நோக்கி ஓடினார் போலும். பாரத தேயத்துத் தருக்க நூலார்க்கு இத்திடுக்கம் நேராது. காட்சி, கருதல், உரை என அளவை மூன்றாதலை அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியிற் கூறினார். பத்தாக விரிந்தனவும் அம்மூன்றினுள் அடங்குமென்றார். உரை ஓர் அளவை எனின், அதுவும் அறிவு தரும் வாயிலே. அறிவு கிட்டாதவிடத்து இட்டு நிரப்பும் ஆசையன்று அது.

நியாய நூலார் ஒரு படி மேலுஞ் சென்றனர். ஆப்தனுடைய உபதேசமே உரையளவை என்றார் கௌதமர். ஆப்தன் யாவன் என்பதற்கு உரைகண்ட வாத்சியாயனர் கூறுவது இன்றும் எண்ணத்தக்கது. பொருளை நேரே அறிந்தவன். அறிந்தவாறே உரைக்கும் விருப்புடையவன். அங்ஙனம் உரைக்கவும் வல்லவன் எவனோ அவனே ஆப்தன். இவ்விலக்கணம் முனிவர்க்கும் ஆரியர்க்கும் மிலேச்சர்க்கும் ஒப்பப் பொதுவென்பதனையும் அவர் வெளிப்படக் கூறினார். குலமும் ஆடையும் ஈண்டு வினவப்படவில்லை. கண்டானா, கண்டதைச் சொல்ல விரும்புகின்றானா, சொல்ல வல்லனா என்பனவே வினவப்பட்டன. அன்றியும் கௌதமர் உரையினைக் காணத்தகு பொருள்மேலது, காணவொண்ணாப் பொருள்மேலது என இரண்டாக வகுத்தார். ஆற்றங்கரையிற் கனி உண்டு என்பான் வாக்கினைச் சென்று கண்டு தெளியலாம். வேள்வியாற் சுவர்க்கம் எய்தலாம் என்னும் வாக்கினை இவ்வுடம்போடு சென்று கண்டு தெளிதல் இயலாது.

பொலான்யியின் குறை இவ்விடத்தே தெளிவாகின்றது. உரையளவை தவிர்க்க முடியாதது என்பதனை அவர் மெய்யாகவே நிறுவினார். ஆயின் அதன் இரு கூற்றினையும் வேறு பிரியாது, ஒன்றற்கு நிறுவியதை மற்றொன்றன்மேல் ஏற்றிவிட்டார். அகுஸ்தீனார் நம்பச் சொன்னது இம்மையிற் சென்று காணவொண்ணாத பொருளை. மில்லரைப் புறக்கணித்தவர்கள் நம்பியதோ எவரும் மலையேறிச் சோதிக்கத்தக்க பொருளை. சோதிக்கவுஞ் சோதித்தனர்: 1926 இற் கெனடியும் 1930 இல் யோஸ் என்பாரும் வேறு வேறு கருவிகள் கொண்டு தேடியும் மில்லர் கண்ட காற்றைக் காண்கிலர். மில்லர் 1941 இற் காலமாகுமுன் தம் அவதானத் தாள்களைத் தம் மாணவராயிருந்த ஷாங்லண்டிடம் ஒப்படைத்தார். அத்தாள்களை ஷாங்லண்டும் அவர் துணைவரும் மீட்டும் எடுத்து ஆராய்ந்து, மலைக்குடிலில் நிகழ்ந்த வெப்பநிலை வேறுபாடுகளாலேயே அவ்விளைவு தோன்றியதென 1955 இல் வெளியிட்டனர். அந்த முப்பதாண்டும் பௌதிகவியலார் பலர் காட்டிய அசட்டை பாராட்டத்தக்கதன்று. அவ்வளவில் பொலான்யி விரல் வைத்த இடம் புண்தான். ஆனால் வழக்குத் தீர்ந்த முறையை நோக்குக. சார்புக் கொள்கையை ஐயுற்றாரை விலக்குவோம் என்று ஒரு பேரவை கூடித் தீர்த்ததன்று. மாறுபட்டவர் விட்டுச்சென்ற தாள்களையே திறந்து பார்த்துத் தீர்த்தது. விசுவாசத்துக்கு இத்தகைய தாள்கள் இல்லை.

உரையளவை விஞ்ஞானத்துட் பிழைபடுமாற்றையும் பிழை களையப்படுமாற்றையும் இதனினும் நுணுகிக் காட்டுவது மில்லிக்கனின் வரலாறாம். இலத்திரன் ஒன்றன் மின்னேற்றத்தை அளக்க அமெரிக்க அறிஞர் மில்லிக்கன் கையாண்ட முறை பள்ளி மாணவரும் அறிந்ததே. நுண்ணிய எண்ணெய்த் துளிகளை இரு தட்டுகளிடையே விழவிட்டு, மின்விசையால் மேலெழுப்பி, அவை இயங்கும் வேகத்தை நுணுக்குக்காட்டியால் அளந்தார். 1913 இல் அவர் வெளியிட்ட எண், நிலைமின்னலகில், முதலிலக்கங்கள் 4.774 என்பது. பதினைந்து ஆண்டுக்கு மேலாக உலகம் அதனைத் தலைமேற் கொண்டது. 1923 இல் அவர் பெற்ற நோபெற் பரிசிலுக்கு அதுவும் ஒரு காரணம். அவர் காலத்தில் அதனினும் கவனமாகச் செய்யப்பட்ட அளவீடு அரிது. எனினும் அந்த எண் பிழை. சரியான எண் 4.803.

பிழை எங்கிருந்து வந்தது? துளியினின்றும் வந்ததன்று, கண்ணினின்றும் வந்ததன்று. துளி விழும் வேகத்திலிருந்து ஏற்றத்தைக் கணிப்பதற்கு, விழும் துளியை வளி எவ்வளவு தடுக்கின்றது என்று தெரிதல் வேண்டும். வளியின் இத்தன்மையைப் பாகுநிலை என்பர். அதன் அளவை மில்லிக்கன் எண்ணெய்த் துளிகொண்டு கண்டாரில்லை. வேறு பரிசோதனைகளாற் பெற்ற பெறுமானத்தை ஏற்றுக்கொண்டு தம் கணக்கினுட் புகுத்தினார். அப்பெறுமானம் அரைச் சதவீதத்தினும் சிறிது குறைவான அளவே வழுவியது. அவ்வழு கணக்கினூடு ஒன்றரை மடங்காகி ஏற்றத்தைச் சிறிதாக்கிற்று. நேரே கண்டது எல்லாம் செம்மை. உரையாகப் பெற்ற ஒன்றே கோணல்.

இப்பிழை வெளிப்பட்டமை வியப்புடைத்து. மில்லிக்கனை ஐயுற்று எவரும் புறப்பட்டிலர். பளிங்குகளில் அணுக்கள் எவ்வளவு இடைவெளி விட்டு நிற்கின்றன என்பதை ஆராய்ந்த வேறு துறையார், எக்ஸ்-கதிர்களின் அலைநீளத்தைக் கோடு கீறிய தட்டுகொண்டு நேரே அளக்கும் வழியை 1925 தொடக்கம் செம்மை செய்து வந்தனர். அவர் கண்ட இடைவெளி, மில்லிக்கனின் எண்ணை அடியாகக் கொண்டு கணித்த இடைவெளியோடு ஒட்டவில்லை. வேற்றுமை சிறிது, ஆயினும் மறையாதது. இரு துறையும் ஒரே அணுவைப் பற்றிப் பேசுதலின் இருவர் கூற்றும் மெய்யாதல் கூடாது. 1930களில் வளியின் பாகுநிலை மீட்டும் அளக்கப்பட்டது. அளந்தபோது எண் ஏறியது. மில்லிக்கனின் துளிகளே புதிய பாகுநிலையோடு சரியான ஏற்றத்தைத் தந்தன. பிற்காலத்தில், 1962 இல் எழுதிய கட்டுரை ஒன்றிற் பொலான்யியே ஓர் உண்மையைக் கூறினார்: விஞ்ஞானி ஒருவன் தன் அயலவனையே மதிப்பிட வல்லன், அவ்வயலவன் தன் அயலவனை, இங்ஙனம் சங்கிலித் தொடராய் ஒன்றோடொன்று கவிந்த வட்டங்களே விஞ்ஞானத்தின் மன்றம் என்பது. பளிங்காய்வோர் எண்ணெய்த் துளியாளரைத் திருத்திய கதை இதற்கு நேர்சான்று. தம் சொந்தக் கருத்தின் வலிமையை உணர்ந்திருப்பின் பொலான்யிக்கு அகுஸ்தீனார் துணை வேண்டியிராது.

இக்கதைக்கு ஒரு கசப்பான பின்னிணைப்பும் உண்டு. மில்லிக்கனுக்குப் பின் ஏற்றத்தை அளந்தோரின் எண்கள் ஒருங்கே உயராது படிப்படியாக ஏறின என்றும், பெரியவர் எண்ணினும் மிக உயர்ந்த எண் வந்தபோது தம்மிடத்துப் பிழை தேடியோர், அவர் எண்ணுக்கு அணித்தாய் வந்தபோது அங்ஙனந் தேடிற்றிலர் என்றும் றிச்சட் பைன்மன் 1974 இல் மாணவர்க்கு ஆற்றிய உரையிற் குறைகூறினார். விசுவாசம் என்னுஞ் சொல்லை இகழ்ச்சிப் பொருளில் வழங்குதற்குரிய இடம் உண்டாயின் இதுவே. பெரியோன் எண்ணை நம்பியமை குற்றமன்று. தன் கண் கண்டதை அவன் எண்ணுக்கு இசைய வளைத்தமையே குற்றம். 2019 மே 20 முதல் இவ்வேற்றத்தின் பெறுமானம் வரையறையாகவே நிலைநிறுத்தப்பட்டுவிட்டது. இனி அதனை அளப்பார்க்கு வேலையில்லை என்பது வேறு.

உரைக்கும் காட்சிக்கும் உள்ள இவ்வழக்கு மேனாட்டில் மட்டும் நிகழ்வதன்று. யாழ்ப்பாணத்துச் சைவ இல்லங்களில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வழங்குகின்றன. ஒரே விழா இருவேறு நாளில் வருதலும் உண்டு. இவ்விரண்டன் பெயரிலேயே வழக்கு அடங்கியுள்ளது. வாக்கியம் என்பது உரை. திருக்கணிதம் என்பதிலுள்ள ‘திரு’ மங்கலச் சொல்லன்று. பார்வை எனப் பொருள்படும் ‘திருக்’ என்னும் வடசொல்லாகும். எனவே ஒன்று சொல்வழிக் கணிதம், மற்றொன்று காட்சிவழிக் கணிதம். சந்திரன் நாடோறும் நிற்கும் நிலையை 248 நாளுக்கு 248 தொடர்களாக, எழுத்தே எண்ணாக அமைத்துப் பாடம் பண்ணினர் முன்னோர். வரருசியார் செய்தன என்பது மரபு. சந்திரன் பூமிக்கு அணித்தாய் வந்து மீளும் சுற்று ஒன்பது கூடினால் ஏறக்குறைய 248 நாளாம். கருவியுமின்றி ஏடுமின்றி நாவினுனியிற் சந்திரனை வைத்திருந்த அத்திறனை எள்ளுவார் எண்கணிதம் அறியாதார்.

ஆயினும் அவ்வாக்கியங்கள் சந்திர கதியின் ஒரு திருத்தத்தை விட்டுவிட்டன. ஞாயிற்றின் ஈர்ப்பால் விளையும் அத்திருத்தம் அமாவாசையிலும் பூரணையிலும் ஏனைய திருத்தத்தோடு கலந்து மறைந்துவிடும். அரைத்திங்களாய் நிற்கும் அட்டமியை அடுத்து இரண்டரைப் பாகை வரை வெளிப்படும். திதிக் கணக்கில் இது ஏறத்தாழப் பன்னிரண்டு நாழிகை. பழைய கணிதர் தம் கணக்கைக் கிரகணங்கொண்டே சரிபார்த்தனர். கிரகணமோ அமாவாசையிலும் பூரணையிலுமே நிகழ்வது. பிழை தோன்றாத நாள் பார்த்தே சோதனை நிகழ்ந்தது என்க! சோதித்தோம் என்னும் உறுதியும் பிழையும் பல நூற்றாண்டு ஒருங்கே வாழ்ந்த விந்தை இது. அத்திருத்தத்தை மஞ்சுளர் 932 இலேயே கண்டு கூறினார். கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களைக் கண்ணாற் கண்டு, நூற்கணக்கும் வானமும் ஒவ்வாமை உணர்ந்து, 1431 இற் திருக்கணித முறையை வகுத்தார். பழைய ஆசிரியர்பால் அவர்க்கு மதிப்புக் குறைந்ததென்று சொல்வாரில்லை. விழா எந்நாளில் எடுத்தல் வேண்டும் என்பது மரபின் வினா. அதனை வாக்கியத்தார் மரபு கொண்டு வழக்காடுதல் தகும். சந்திரன் இன்றிரவு எங்குளது என்பது அவ்வகை வினாவன்று. அன்றியும், திருக்கணிதமே மெய்யெனப் பூசலிடுவோருள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தவர் எத்துணைப் பேர்? பாராதார்க்கு அதுவும் வாக்கிய பஞ்சாங்கமே.

விஞ்ஞானியை ஆப்தனாகக் கொள்ளுதற்கும் ஓர் எல்லை உண்டு. நியாய சூத்திரம் வேதத்தின் மெய்ம்மையை நிறுவப் புகுந்து ஒரு நியாயங் கூறும். ஆயுர்வேதம் நோய் தீர்த்தலைக் கண்கூடாகக் காண்கின்றோம். அதனைக் கூறியோர் ஆப்தர் என்பது அதனாற் பெறப்பட்டது. அத்தகைய ஆப்தர் வாக்காதலின் காணவொண்ணாப் பொருளைக் கூறும் வேதமும் மெய் என்பது அந்நியாயம். இதன் வன்மை மென்மை ஈண்டு ஆராயப்படவில்லை. ஆனால் இதனைக் கேட்டு நகைக்கும் பகுத்தறிவாளர் பலர், விண்கலம் சந்திரனை அடைந்தது, மருந்து அம்மையை ஒழித்தது, ஆகவே உயிரும் கடவுளும் இல்லையென அவ்விஞ்ஞானிகள் கூறுவதும் மெய் என்று வாதிக்கும்போது, அதே நியாயத்தை எதிர்முகமாகக் கையாளுதலை உணர்வதில்லை. காணத்தகு பொருளில் ஈட்டிய நம்பகத்தைக் காணவொண்ணாப் பொருளிற் செலவிடல் இரு சாரார்க்கும் ஒக்கும். பௌதிகப் பேராசிரியர் உயிரின் இயல்பு பற்றிப் பேசும்போது அவர் ஆப்தரல்லர். படித்த ஒருவர், அவ்வளவே.

தம் எல்லைக்குள் நின்று பேசுவோர் எல்லாரும் ஆப்தரோ எனின், அதுவும் அன்று. தடுப்பூசி ஒன்று குழந்தைகட்கு மனவளர்ச்சிக் கோளாறு விளைக்கும் என்ற ஐயத்தைப் பன்னிரண்டு குழந்தைகளைக் கொண்டு எழுப்பி 1998 இல் இலண்டன் மருத்துவ ஏடொன்றில் வெளிவந்த கட்டுரை 2010 இல் அவ்வேட்டினாலேயே மீளப் பெறப்பட்டது. கண்டவாறே சொல்லும் விருப்பு என்னும் இரண்டாம் இலக்கணம் அங்கே இல்லை. உளவியற் பரிசோதனைகள் நூற்றினை மீளச் செய்து பார்த்த ஒரு குழுவினர், நாற்பதுக்குங் குறைந்தனவே முன்போற் பலித்தன என்று 2015 இல் அறிவித்தனர். இங்கு வஞ்சனை பெரும்பாலும் இல்லை; நேரே அறிந்தோம் என்று எண்ணியதை அறிந்திலர் என்பதே குறை. இச்செய்திகளைக் காட்டி, பார்த்தீரா விஞ்ஞானத்தை என்று கைகொட்டுவோர், இவற்றை வெளிப்படுத்தியோர் யாவரென எண்ணுதல் நன்று. செய்தித்தாளில் ஓர் ஆய்வு வந்த மறுநாளே அதனை நம்புதல் வேறு. பல துறையார் பல வழியால் எட்டி ஒன்றையே கண்ட முடிபினை நம்புதல் வேறு. முன்னதனை மெய்யாகவே விசுவாசம் எனலாம். சிரத்தை எனலும் ஆகாது. கடோபநிடதத்து நசிகேதன் உள்ளத்திற் சிரத்தை புகுந்தபோது அவன் செய்த முதற் செயல், கிழட்டுப் பசுக்களைத் தானமாக வழங்கிய தந்தையை வினாவியதேயாம்.

இவ்வாராய்ச்சி கல்லூரிக்கு எத்துணைத் தொடர்புடையது என்பதனை ஆய்வுகூட மேசையிற் காணலாம். ஊசல் கொண்டு புவியீர்ப்பின் ஆர்முடுகலைக் காணும் பரிசோதனை மாணவர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது. பாடநூலில் விடை 981 என்று அச்சாகியுள்ளது. ஆகவே கொப்பியிலும் 981 வருகின்றது. வாராதாயின் ஊசலாட்டத்தின் எண்ணிக்கை அழிக்கப்படும், நேரம் திருத்தப்படும், அடுத்த மேசை எட்டிப் பார்க்கப்படும், புள்ளியும் கிடைக்கும். ஆசிரியர் சிலர் இதனை அறிந்தும் அறியாதார் போல் இருப்பர்.

ஆனால் 981 என்பது இலண்டன் முதலிய வடபுலங்களின் எண். நிலநடுக்கோட்டுக்கு அணித்தான இலங்கையில் அவ்வார்முடுகல் விநாடிக்கு விநாடி 978 சதமமீற்றரை ஒட்டியது. ஒரு மீற்றர் நீள ஊசல் நூறுமுறை ஆடி முடிக்க ஈண்டு எடுக்கும் நேரம் இலண்டனில் எடுக்கும் நேரத்தினும் ஏறத்தாழ மூன்றிலொரு விநாடி மிகும். நூலைச் செவ்வனே அளந்து, நிறுத்தற் கடிகாரத்தைப் பொறுமையோடு பலமுறை கையாளும் மாணவனுக்கு இது முற்றிலும் எட்டாததன்று. 1672 இற் பாரிசுக் கழகத்தார் தென்னமெரிக்கக் கரையிலுள்ள கயென் என்னும் ஊருக்கு யோன் றிசேயை அனுப்பினர். இலங்கையைப் போலவே நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சில பாகையில் உள்ளது அவ்வூர். பாரிசிற் செம்மையாக ஓடிய ஊசற் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்திற்று. வெப்பத்தால் உலோகம் நீண்டதுதான் காரணமெனக் கருதினாரும் உண்டு. றிசே பல மாதம் மீட்டும் மீட்டும் பார்த்து, பாரிசு எண்ணுக்குத் தம் எண்ணைத் திருத்தாது, கண்டவாறே எழுதிக்கொண்டு மீண்டார். அவர் குறிப்பினை நியூற்றன் 1687 இல் வெளிவந்த தம் பெருநூலில் எடுத்தாண்டு, பூமி துருவங்களில் தட்டையானதென்று வாதிட்டார். கயெனில் றிசே கண்ட அதே வேற்றுமையை யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவன் 978 எனக் கண்டு, பிழையென்று எண்ணி அழிறப்பரால் அழித்து 981 என எழுதுவானாயின், அவன் அழித்தது தன் பிழையை அன்று.